தென்சென்னைக் கடற்கரையின் முதிய ஆசான்கள்

சென்னையின் தெற்கே, அடையாற்றின் தென்கரையிலிருந்து முட்டுக்காட்டு உப்பங்கழி வரை ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளும் கடற்கரையில் முப்பது ஆண்டுக்கு ஒன்றாக மூன்று கலை நிறுவனங்கள் தோன்றின. 1936-இல் கலாக்ஷேத்ரா, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம், 1996-இல் தட்சிணசித்ரா. முதலாவதைத் தொடங்கியவர் ஒரு நடனக் கலைஞர்; இரண்டாவதை ஓவியர்களும் சிற்பிகளும் கூடித் தொடங்கினார்கள்; மூன்றாவது ஒரு கலை வரலாற்றாளரின் முயற்சி. மூன்றிலும் முதியவர்களுக்கு இடம் இருந்தது. ஆனால் அந்த இடம் ஒரே மாதிரியானதாக இல்லை. ஒன்றில் அவர்கள் ஆசிரியர்களாக அழைத்து வரப்பட்டார்கள். மற்றொன்றில் இளைஞர்களாக வந்து அங்கேயே முதுமை அடைந்தார்கள். மூன்றாவதில் கைத்தொழிலைக் காத்து வந்தவர்களாகப் பார்வையாளர் முன் உட்கார்ந்தார்கள்.

நிலமும் பாதையும்

தென்புறநகரின் இரு பகுதிகள் இரு விதமாக வளர்ந்தன. உள்நாட்டுப் பகுதியை வளர்த்தது ரயில். 1931-இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1928-இல், டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கியிருந்தார். 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டு நிலத்துக்கு வந்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய ஊர்களில் மனைகள் பிரிக்கப்பட்டு, அலுவலகம் போகிறவர்களும் ஓய்வு பெற்றவர்களும் குடியேறினார்கள்.

கடற்கரைப் பகுதிக்கு ரயில் வரவில்லை. அடையாற்றின் தென்கரையில் 1882 முதல் பிரம்மஞான சபையின் தலைமையகம் இருந்தது. அதைத் தாண்டினால் மருந்தீசுவரர் கோயிலைச் சுற்றிய திருவான்மியூர்; அதற்கும் தெற்கே மீனவர் குப்பங்கள், சவுக்குத் தோப்புகள், மணல்மேடுகள். விவசாயத்துக்கு ஆகாத மணல் நிலம் என்பதால் விலை குறைவாக இருந்தது. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் குடியிருந்து கற்க வேண்டுமானால் பரந்த நிலம் தேவை. நகருக்குள் அது கிடைக்காது. கலை நிறுவனங்கள் ரயில் பாதையை விட்டுக் கடற்கரை ஓரமாகப் போனதற்கு இதுவே முக்கியக் காரணம்.

முதியவர்கள் தேவைப்பட்ட காலம்

1930-களில் தமிழகத்து ஆடல் கலை நெருக்கடியில் இருந்தது. கோயில்களிலும் திருமண ஊர்வலங்களிலும் ஆடப்பட்டு வந்த சதிருக்கு எதிராக இயக்கம் வலுத்திருந்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். அந்த வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. மறுபுறம் வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் ஆடலைக் காக்க வேண்டும் என்று வாதிட்டார். 1928-இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாடமி 1931-இலும் 1933-இலும் ஆடல் மரபைச் சேர்ந்த கல்யாணி என்பவரின் மகள்களைத் தன் மேடையில் ஆட வைத்தது.

இந்த வாதங்கள் நடந்துகொண்டிருந்தபோதே பரம்பரைக் குடும்பங்களின் இளைய பெண்கள் ஆடலை விட்டு விலகினார்கள். சிலர் பள்ளிக்கும், சிலர் சினிமாவுக்கும், பலர் குடும்ப வாழ்வுக்கும் போனார்கள். அடவுகளும் ஜதிக்கோர்வைகளும் பதத்துக்கான அபிநய முறைகளும் ஏட்டில் எழுதி வைக்கப்படவில்லை. நட்டுவனாரின் நினைவிலும் வயதான ஆடல் மகளிரின் உடலிலுமே அவை தங்கியிருந்தன. ஒருவர் மறைந்தால் அவரோடு ஒரு பாடாந்தரமே போய்விடும் நிலை. இசைக் கலைஞர்களிலும் மூத்தவர்கள் பலர் சமஸ்தானங்களையும் ஜமீன்களையும் நம்பி வாழ்ந்தவர்கள். அந்த ஆதரவும் தேய்ந்துகொண்டிருந்தது. கற்க விரும்பும் புதிய வர்க்கம் நகரில் உருவாகியிருந்தது. கற்பிக்கத் தெரிந்தவர்கள் ஊர்ப்புறங்களில் முதுமை அடைந்துகொண்டிருந்தார்கள்.

கலாக்ஷேத்ராவின் ஆடல் ஆசான்கள்

1904-இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி, 1920-இல் ஜார்ஜ் அருண்டேலை மணந்து பிரம்மஞான சபையின் பணிகளில் உலகம் சுற்றியவர். ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பு அவரை நடனத்தின் பக்கம் திருப்பியது. 1933-இன் தொடக்கத்தில் மியூசிக் அகாடமியில் நடந்த சதிர் நிகழ்ச்சியைக் கண்டபின், முப்பதை நெருங்கும் வயதில், அதைக் கற்கத் தொடங்கினார். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் மரபைச் சேர்ந்த கௌரி அம்மாளிடமும், 1869-இல் பிறந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் மேடையேறினார். 1936 ஜனவரி 6 அன்று அடையாற்றில் தொடங்கிய கலைக்கழகம் பின்னர் கலாக்ஷேத்ரா என்று பெயர் பெற்றது.

தான் கற்ற வழியையே ருக்மிணி தேவி பள்ளியின் வழியாகவும் ஆக்கினார். ஆடலைக் கற்பிக்க மூத்த நட்டுவனார்களை அழைத்தார். மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குப் பிறகு அவருடைய மருமகன் சொக்கலிங்கம் பிள்ளை பொறுப்பேற்றார். 1874-இல் பிறந்த காட்டுமன்னார்கோயில் முத்துக்குமார பிள்ளையும் இங்கே கற்பித்தவர். அபிநயத்துக்குக் கௌரி அம்மாள் இருந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்த ஒருவரிடம், வீட்டை விட்டு ஆட வந்த முதல் தலைமுறைப் பெண்கள் உட்கார்ந்து பதங்களைக் கற்றார்கள். கதகளிக்குக் கேரளத்திலிருந்து அம்பு பணிக்கரும், அவருக்குப் பின் சந்து பணிக்கரும் வந்தார்கள். மெலட்டூரின் பாகவத மேளா நாடக மரபிலிருந்து பாலு பாகவதரின் துணை கிடைத்தது. ஆண்கள் மட்டுமே ஆண்டுக்கொருமுறை கோயில் வாசலில் நடித்து வந்த நாடகங்கள், அவர் மூலம் அடையாற்று மாணவிகளுக்கு வந்து சேர்ந்தன.

இசை ஆசான்கள்

இசைப் பிரிவில் முதியவர்களின் வரிசை இன்னும் நீண்டது. 1876-இல் பிறந்த டைகர் வரதாச்சாரியார் சென்னையிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இசைத் துறைகளை வழிநடத்தியவர். அறுபத்தைந்து வயதைக் கடந்தபின் கலாக்ஷேத்ராவின் தலைமை ஆசிரியராகி, 1950-இல் மறையும் வரை அங்கே இருந்தார். அவருடைய சகோதரர் வீணை கிருஷ்ணமாச்சாரியார், 1944-இல் மேடையேறிய குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகத்துக்கு இசையமைத்தார். பாபநாசம் சிவனும் காளிதாச நீலகண்ட ஐயரும் கற்பித்தவர்களில் அடங்குவர். கோட்டுவாத்தியக் கலைஞர் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் இங்கே பணியாற்றினார்.

காரைக்குடி சகோதரர்களில் இளையவரான சாம்பசிவ ஐயர் 1888-இல் பிறந்தவர். அண்ணன் சுப்பராம ஐயரோடு சேர்ந்து வீணையில் ஒரு பாணியையே நிலைநிறுத்தியவர். அண்ணனின் மறைவுக்குப் பின், 1950-களின் தொடக்கத்தில் ருக்மிணி தேவியின் அழைப்பில் அடையாறு வந்தார். 1952-இல் சங்கீத நாடக அகாடமி முதன்முதலாக வழங்கிய விருதுகளில் ஒன்று அவருக்குக் கிடைத்தது. 1958-இல் மறையும் வரை கலாக்ஷேத்ராவே அவருக்கு வீடாக இருந்தது. அவர் குடும்ப வழியில் வந்த ராஜேஸ்வரி பத்மநாபன் அந்தப் பாணியை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனார்.

இவர்கள் எல்லோரிலும் மூத்தவர் மைசூர் வாசுதேவாச்சாரியார். 1865-இல் பிறந்து மைசூர் அரசவையில் ஆஸ்தான வித்துவானாக இருந்தவர், தொண்ணூறை நெருங்கும் வயதில் அடையாறு வந்தார். திருவையாற்றில் பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் குருகுலவாசம் செய்தவர் அவர். பட்டணத்தின் குரு மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர்; அவரோ தியாகராஜரின் நேர் சீடர். டைகர் வரதாச்சாரியாரும் பட்டணத்தின் மாணவரே. எனவே 1847-இல் மறைந்த தியாகராஜருக்கும், 1944-இல் கலாக்ஷேத்ராவில் டைகரிடம் பயின்ற எம்.டி. ராமநாதனுக்கும் இடையே நின்றவர்கள் மூன்று பேர் மட்டுமே. ஒரு நூற்றாண்டு மூன்று பேரின் நினைவில் கடந்து வந்தது. முதியவர் ஒருவரை வளாகத்துக்குள் குடியேற்றுவதன் பயன் எத்தகையது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

கூடி வேலை செய்த முறை

கலாக்ஷேத்ராவில் மூத்த ஆசான்கள் வகுப்பு எடுத்துவிட்டு வீடு திரும்பும் ஊழியர்களாக மட்டும் இருக்கவில்லை. வளாகத்திலோ அதன் அருகிலோ குடியிருந்தார்கள். குருகுலத்தில் மாணவன் குருவின் வீட்டுக்குப் போவான்; இங்கே நிறுவனம் குருவுக்கு வீடு கொடுத்து மாணவர்களை அவரைச் சுற்றி இருத்தியது. மாதச் சம்பளமும் உண்டு. அரசவை ஆதரவின் நிச்சயமும் குருகுலத்தின் நெருக்கமும் ஓரளவு ஒன்றுசேர்ந்த ஏற்பாடு இது.

முதியவர்களின் அறிவைத் திரட்டிய களம் நாட்டிய நாடகம். தனி ஆடலுக்கு ஒரு நட்டுவனார் போதும். நாடகத்துக்கு இசையமைப்பவர், பாடுபவர், அடவு தெரிந்தவர், கதகளி தெரிந்தவர், ஆடை நெய்பவர் எனப் பலர் ஓரிடத்தில் கூட வேண்டும். 1955-இல் சீதா சுயம்வரம் மேடையேறியபோது, வால்மீகியின் சுலோகங்களுக்கு இசை வடிவம் தந்த வாசுதேவாச்சாரியாருக்கு வயது தொண்ணூறு. மேடையை வடிவமைத்து ஆட்டத்தை அமைத்தவர் ருக்மிணி தேவி. சந்து பணிக்கரின் கதகளிப் பயிற்சி பெற்ற ஆண்கள் ஆண் பாத்திரங்களை ஏற்றார்கள். 1961-இல் வாசுதேவாச்சாரியார் மறைந்தபின், அவருடைய பேரன் எஸ். ராஜாராம் எஞ்சிய பகுதிகளுக்கு இசையமைத்தார். ஆறு பகுதிகள் கொண்ட இராமாயண வரிசை 1970-இல் மகா பட்டாபிஷேகத்தோடு நிறைவு பெற்றது. தாத்தா தொடங்கியதைப் பேரன் முடிக்கும் அளவுக்கு நீண்ட ஒரு திட்டம் அது.

ஆடலையும் இசையையும் தாண்டியும் இந்த முறை சென்றது. 1937-இல் தொடங்கிய நெசவுப் பிரிவு பழைய சேலைகளின் கரைகளையும் கோர்வைகளையும் மாதிரியாகக் கொண்டு தறியில் மீண்டும் நெய்தது. கலம்காரிக்கும் இயற்கைச் சாயத்துக்கும் தனிப் பிரிவு ஏற்பட்டது. 1942-இல் உ.வே. சாமிநாதையர் மறைந்தபின், அவர் வாழ்நாள் முழுதும் தேடிச் சேர்த்த ஓலைச்சுவடிகளையும் நூல்களையும் காக்க 1943-இல் அவர் பெயரில் நூலகம் அமைத்தவரும் ருக்மிணி தேவிதான். 1962-இல் கலாக்ஷேத்ரா பிரம்மஞான சபை வளாகத்தை விட்டுத் திருவான்மியூரில் சுமார் 100 ஏக்கர் நிலத்துக்குப் போனது. முதல் தலைமுறை ஆசான்களில் பலர் அதற்குள் மறைந்துவிட்டார்கள்.

பிணக்குகள்

இந்த வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. பரம்பரைக் குடும்பங்களின் முதியவர்கள் ஆசிரியர்களாக மதிக்கப்பட்டார்கள். அவர்களுடைய பெண்களும் பேத்திகளும் மேடையிலிருந்து விலகினார்கள். கற்பித்ததன் பலன் பிராமண, மேல்தட்டு வீட்டுப் பெண்களுக்கே பெரிதும் போய்ச் சேர்ந்தது. சதிர் பரதநாட்டியமாகப் பெயர் பெற்ற காலத்தில், பதங்களிலும் ஜாவளிகளிலும் உள்ள சிருங்காரத்தை ருக்மிணி தேவி குறைத்துப் பக்தியை முன்னிறுத்தினார். இசைவேளாளர் மரபில் வந்த பாலசரஸ்வதி இதை ஏற்கவில்லை. சிருங்காரமே ஆடலின் உயிர் என்பது அவர் நிலை. கௌரி அம்மாளிடம் அபிநயம் பயின்றவர்களில் பாலசரஸ்வதியும் ஒருவர். ஒரே ஆசிரியையிடம் கற்ற இருவரும் இரு கட்சிகளாக நின்றார்கள்.

நட்டுவனார்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே உரசல்கள் இருந்தன. சொக்கலிங்கம் பிள்ளை 1940-களில் விலகியபின், நட்டுவாங்கத்தைக் கலாக்ஷேத்ராவில் பயின்றவர்களே மேற்கொண்டார்கள். நட்டுவனார் இல்லாமல் ஆட முடியாது என்ற காலம் அதோடு முடியத் தொடங்கியது. சமூகவியலாளர் அம்ரித் ஸ்ரீநிவாசன் 1985-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, மறுமலர்ச்சி என்று சொல்லப்பட்டதில் யார் பெற்றார்கள், யார் இழந்தார்கள் என்ற கேள்வி ஆய்வாளர்களிடையே தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது.

சோழமண்டலம்

சோழமண்டலம் அமைந்த ஈஞ்சம்பாக்கத்தில் நடந்தது வேறு. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், ஓவியம் மட்டும் வரைந்து பிழைக்க முடியாமல் மாணவர்கள் வேறு வேலைகளுக்குப் போவதைக் கண்டார். கலைஞர்கள் சங்கமாகச் சேர்ந்து பத்திக் துணியும் தோல், உலோகக் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் 1966-இல் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். ஜே. சுல்தான் அலி, வித்யாசங்கர் ஸ்தபதி, எம். சேனாதிபதி, பி.எஸ். நந்தன், எஸ்.ஜி. வாசுதேவ், கே. ராமானுஜம் ஆகியோர் அங்கே வாழ்ந்து வேலை செய்தவர்களில் சிலர். காலையில் கைவினை, மற்ற நேரத்தில் சொந்தப் படைப்பு என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட வாழ்க்கை.

இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள். 1911-இல் பிறந்த பணிக்கரே மூத்தவர். அவர் 1977-இல் மறைந்த பின்னும் கிராமம் கலையவில்லை. வீடுகள் சொந்தமாக இருந்ததும், விற்பனைக்குப் பொது ஏற்பாடு இருந்ததும் அதற்குக் காரணம். இளைஞர் கூட்டமாகத் தொடங்கிய ஊர் மெல்ல மெல்ல முதிய கலைஞர்களின் ஊராக மாறியது. பணிக்கரின் மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபாலின் முயற்சியில் 2009-இல் அருங்காட்சியகம் ஒன்று அங்கே திறக்கப்பட்டது. சோழமண்டலத்தார் பலர் சார்ந்திருந்த மெட்ராஸ் கலை இயக்கத்தின் படைப்புகள் அதில் வைக்கப்பட்டன. முதுமையில் கலைஞனுக்கு வேண்டியவை கூரை, வேலை செய்ய இடம், தொழிலறிந்த அண்டை வீட்டார் ஆகிய மூன்றும் என்றால், அவற்றை இளமையிலேயே கூட்டாகத் தேடிக்கொண்டவர்கள் சோழமண்டலத்தார்.

தட்சிணசித்ரா

1984-இல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன், முட்டுக்காட்டில் அரசு குத்தகைக்குத் தந்த சுமார் 10 ஏக்கர் நிலத்தில் தட்சிணசித்ராவை அமைத்தது. 1996 டிசம்பரில் அது திறக்கப்பட்டது. கட்டட அமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் வழிகாட்டுதல் இருந்தது. செட்டிநாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளில் இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளைப் பிரித்து, மரத்தையும் கல்லையும் கொண்டுவந்து மீண்டும் நிறுத்தினார்கள். பழைய மூட்டுகளைப் பிரிக்கவும் கோக்கவும் மரபு ஆசாரிகளின் கைப்பழக்கம் தேவைப்பட்டது.

குயவரும் நெசவாளரும் கூடை முடைபவரும் கூத்துக் கலைஞரும் இங்கே பார்வையாளர் முன் வேலை செய்கிறார்கள். பள்ளிக் குழந்தைகள் சக்கரத்தில் கைவைத்துக் களிமண்ணைத் தூக்கிப் பார்க்கிறார்கள். கலாக்ஷேத்ராவில் ஓர் ஆசானும் ஒரு மாணவரும் பல ஆண்டு சேர்ந்திருந்தார்கள். இங்கே ஒரு கைவினைஞர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவருக்குத் தொழிலை அறிமுகம் செய்கிறார். ஆழம் குறைவு, பரப்பு அதிகம். 1990-களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, ஒருகாலத்தில் மலிவாக இருந்த மணல் நிலம் விலை உயர்ந்தது. அப்படி ஒரு வளாகத்தைத் தனியார் முயற்சியில் புதிதாகத் தொடங்குவது அதன்பின் எளிதாக இல்லை.

முதியோர் இல்லங்களும் கலையும்

இதே கடற்கரையில் முதுமைக்கென்றே தனி இடமும் எழுந்தது. பாலவாக்கத்தில் உள்ள விஸ்ராந்தி, ஆதரவற்ற முதிய பெண்களுக்காக சாவித்திரி வைத்தி 1978-இல் தொடங்கிய இல்லம். அதன்பின் தாம்பரம், சேலையூர், கூடுவாஞ்சேரி வட்டாரங்களில் கட்டண இல்லங்களும் இலவச இல்லங்களும் பெருகின. பிள்ளைகள் வெளிநாடு போனதும் கூட்டுக் குடும்பம் சுருங்கியதும் காரணங்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் மேலை நாடுகளில் தொழில்முறைக் கலைஞர்கள் முதியோர் இருக்கும் இடங்களுக்குப் போகத் தொடங்கினார்கள். அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1976-இல் தொடங்கிய குழுவில் முதியவர்களும் ஆடினார்கள். 1979-இல் புரூக்ளினில் சூசன் பெர்ல்ஸ்டைன் தொடங்கிய அமைப்பு முதியவர்களின் வாழ்க்கைக் கதைகளை நாடகமாக்கியது. லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் 1989 முதல் அறுபது வயது தாண்டியவர்களின் நடனக் குழு இயங்குகிறது. அங்கே கலைஞர் கற்பிக்கிறார்; முதியவர் புதிதாகக் கற்கிறார். கலாக்ஷேத்ராவில் போக்கு எதிர்த்திசையில் இருந்தது. அறிவு முதியவரிடமிருந்து கலைஞருக்குப் பாய்ந்தது. எனவே பரம்பரையாக ஒரு கலையைக் கற்றிராத முதியவருக்கு அந்த முறையில் இடம் இருக்கவில்லை. தென்புறநகரின் பெரும்பாலான முதியோருக்குக் கலை என்பது பஜனை மடமும் கோயில் கச்சேரியும் மார்கழி மாதத்துச் சபாவுமாகவே இருந்து வந்திருக்கிறது.

ருக்மிணி தேவி 1986-இல் மறைந்தார். 1993-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் கலாக்ஷேத்ரா தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகி, மத்திய அரசின் பொறுப்பில் வந்தது. நிதி உறுதியானது, பணி விதிகளும் ஓய்வு வயதும் கூடவே வந்தன. டைகர் வரதாச்சாரியார் பொறுப்பேற்றதும், வாசுதேவாச்சாரியார் மைசூரிலிருந்து புறப்பட்டு வந்ததும் இத்தகைய விதிகள் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் வயதைக் கடந்தபின்தான்.